புகாரே இல்லாத பூங்கா

வருஷத்துக்கு ஒரு நாளாவது அடிவயிற்றிலிருந்து கத்தாவிட்டால் ஃபிரிட்ஜ்காரருக்கு உடம்பு தாங்காது.

ஃபிரிட்ஜ்காரர் என்றால் ஃபிரிட்ஜ் செய்கிறவர் இல்லை, விற்கிறவரும் இல்லை. ஒரு ஃபிரிட்ஜ் கம்பெனியின் புகார்ப் பிரிவில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, எவன் வீட்டு ஃபிரிட்ஜ் கெட்டாலும் அவன் வாயால் திட்டு வாங்குகிறவர். திட்டுகிறவர்களுக்கு அவர் சொல்ல அனுமதிக்கப்பட்ட பதில் ஒன்றே ஒன்றுதான்: "உங்க சிரமம் புரியுது சார்." பெண் குரலாக இருந்தால் மேடம். காத்திருக்கச் சொல்லவும் போனை வைக்கவும் எழுதிக்கொடுத்த வாக்கியம் தனி. இதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக்கூடாது. பெருமூச்சு விட்டால்கூட ரெக்கார்டிங்கில் விழுந்து, மேலதிகாரி கூப்பிட்டு விசாரிப்பார். இப்படி வருகிற வார்த்தையை எல்லாம் முழுங்கி முழுங்கி அவர் தொண்டைக்குள் ஓர் உருண்டை சேர்ந்துவிட்டது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். டாக்டருக்கு என்ன தெரியும்? அவரிடம் எல்லோரும் பணிவாகத்தானே பேசுகிறார்கள்.

அந்த உருண்டை கரைய அவர் கண்டுபிடித்த மருந்து ரோலர் கோஸ்டர். வளர்ந்த ஓர் ஆண்பிள்ளை வீட்டில் கத்தினால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். தெருவில் கத்தினால் போலீஸ் வரும். ரோலர் கோஸ்டரில் ஏறிக் கத்தினால் பக்கத்தில் இருப்பவனும் சேர்ந்து கத்துவான். அதிலும் ஃபிரிட்ஜ்காரர் விவரமானவர். பேர்பெற்ற பெரிய பூங்காக்கள் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார். அங்கே நாள் முழுக்க வரிசையில் கால்கடுக்க நின்றால் ஒரு வாய் கத்தல் கிடைக்கும். பெயர் தெரியாத பூங்காவாகப் பார்த்துப் போவார். அங்கே ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். இறங்கினவுடன் திரும்பவும் போய் நின்றால் திரும்பவும் ஏற்றிவிடுவார்கள். ஒரே நாளில் ஒரு வருஷத்துக் கத்தலைக் கத்திவிட்டு, புது மனிதராக வீடு திரும்பலாம்.

போன வருஷத்து லீவு மச்சினன் கல்யாணத்தில் போய்விட்டது. இந்த வருஷம் நிலைமை முற்றிவிட்டது. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று மனைவி சொன்னதற்கு, மனுஷர் நிமிர்ந்து உட்கார்ந்து, "உங்க சிரமம் புரியுது மேடம்" என்றார். அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். கத்துவதற்கு அவளுக்கு லீவெல்லாம் தேவையில்லை, வேலையே அதுதான். அவளே விசாரித்து, கேள்விப்படாத பூங்கா ஒன்றைக் கண்டுபிடித்து, ஃபிரிட்ஜ்காரரை பஸ்ஸில் ஏற்றி, தானும் கூட ஏறிக்கொண்டாள்.

"இந்தத் தடவை கத்தாம வீட்டுக்கு வந்தீங்கன்னா உள்ள விடமாட்டேன், சொல்லிட்டேன்" என்றாள்.

பூங்கா, பொதுமக்கள் மகிழ்ச்சி வாரியத்துக்குச் சொந்தமானது. வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கேடயம் இருந்தது. 'புகாரே இல்லாத பூங்கா' என்று பொறித்திருந்தது. கேடயத்தைக் கொடுத்ததும் வாரியம், வாங்கியதும் வாரியம். பக்கத்தில் மாட்டியிருந்த புகைப்படத்தில் கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே ஆள் என்பதால், அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தன்னைத்தானே பாராட்டும் பாவனையில் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஃபிரிட்ஜ்காரர் அதையெல்லாம் எங்கே பார்த்தார்? அவர் கண் பூங்காவின் கோடியில் நின்ற ரோலர் கோஸ்டரின் மேல் இருந்தது. நல்ல உயரம். ஏறி, ஒரு கணம் நின்று, அப்படியே தலைகுப்புற விழுகிற இறக்கம். பார்த்த மாத்திரத்தில் தொண்டை உருண்டை அரிக்கத் தொடங்கியது.

உள்ளே போன பிறகுதான் ஏதோ உறைத்தது. சத்தமே இல்லை. குதிரை ராட்டினத்தில் குழந்தைகள் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுப்பது மாதிரி விறைப்பாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மற்றபடி சங்கிலி ஊஞ்சல், ஆடும் படகு, சறுக்கு மரம் எல்லாவற்றுக்கும் பூட்டுப் போட்டு, 'விசாரணையில் உள்ளது' என்று பலகை தொங்கவிட்டிருந்தார்கள்.

"ஏம்மா, எல்லாம் ஏன் மூடிக் கிடக்கு?" என்று டிக்கெட் கிழிக்கிற பெண்ணிடம் மனைவி கேட்டாள்.

அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "கத்திட்டாங்க" என்றாள்.

"யாரு?"

"ஏறினவங்கதான். நீங்க கொஞ்சம் மெதுவாப் பேசுங்க அக்கா."

ரோலர் கோஸ்டரில் ஏறுவதற்கு முன்னால் அறிமுக உரை கேட்பது கட்டாயம். வந்திருந்த ஒரு கைப்பிடி ஆட்களையும் ஒரு கூடத்தில் உட்காரவைத்தார்கள். வாரியத்தின் துணை இயக்குநர் மேடைக்கு வந்தார். கேடயப் படத்தில் இருந்த அதே ஆள். குரலில் தேன் வடிந்தது. அந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று ஃபிரிட்ஜ்காரருக்குத் தோன்றியது. ஆனால் அவருக்குப் பழக்கமான குரல் எதுவும் இத்தனை பணிவாக இருந்ததில்லை என்பதால் விட்டுவிட்டார்.

"அன்பார்ந்த பயனாளிகளே" என்று ஆரம்பித்தார் துணை இயக்குநர். "நான் பொறுப்புக்கு வந்தப்போ இந்தப் பூங்காவுல ஒரே கூச்சல். பெரியவங்க, சின்னவங்க எல்லாரும் அலறிக்கிட்டு இருந்தாங்க. ஏன்னு விசாரிச்சேன். சந்தோஷத்துல கத்துறோம்னாங்க. நான் கேக்குறேன், சந்தோஷமா இருக்கிறவன் எதுக்குக் கத்தணும்? நானும் சந்தோஷமாத்தான் இருக்கேன். கத்துறேனா?"

முன்வரிசையில் இருந்த வாரிய ஊழியர்கள் கைதட்டினார்கள். அவர்களும் கத்தவில்லை.

"ஒருத்தர் கத்துறார்னா அவருக்கு ஏதோ பிடிக்கலைன்னு அர்த்தம். பிடிக்கலைன்னா அது புகார். எழுத்துல வந்தாலும் வாயில வந்தாலும் புகார் புகார்தான். புகார் வந்துட்டா விசாரணை. விசாரணை முடியற வரைக்கும் கத்தின இடம் மூடப்படும். இதுல யாருக்கும் விதிவிலக்கு இல்ல, எனக்கும் இல்ல. விசாரணை எப்ப முடியும்னு சிலபேர் கேக்குறாங்க. விசாரணைக் குழுவுல யாரைப் போடறதுன்னு முடிவு பண்ண ஒரு குழு போட்டிருக்கோம். அந்தக் குழுவுக்கு உட்கார இடம் பார்த்துக்கிட்டு இருக்கோம்."

தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "முன்னெல்லாம் ஆளும் அதிகம், புகாரும் அதிகம். இப்ப ஆள் குறைஞ்சிருக்கு, புகார் அறவே இல்ல. இதே வேகத்துல போனா கூடிய சீக்கிரம் பூங்காவுக்குள்ள ஆளே இல்லாத நிலையை எட்டிடுவோம். அன்னிக்குத்தான் இந்த வாரியம் முழு வெற்றி அடைஞ்ச நாள்."

"இந்த ஆளை ஆஸ்பத்திரியில போட்டா நோயாளியே இல்லாம பண்ணிடுவாரு" என்று மனைவி முணுமுணுத்தாள்.

ஃபிரிட்ஜ்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. கையைத் தூக்கினார். "சார், கொஞ்சமாக் கத்திக்கலாமா? இறங்கற இடத்துல மட்டும்?"

துணை இயக்குநர் அவரைக் கருணையோடு பார்த்தார். "கத்தணும்னு ஏன் தோணுது உங்களுக்கு? வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

"வீட்டுல அவருக்குப் பேசவே நேரம் கிடைக்கறதில்ல சார்" என்றாள் மனைவி.

"உணர்ச்சி பொங்கினா அதுக்கும் வாரியம் வழி பண்ணியிருக்கு. அங்கீகரிக்கப்பட்ட வார்த்தை ஒண்ணு இருக்கு. மிக்க மகிழ்ச்சி. எங்க, எல்லாரும் சொல்லுங்க."

சொன்னார்கள். அதோடு விடவில்லை. பயிற்சி என்று ஒன்று வைத்திருந்தார்கள். ஊழியர் ஒருவர் பின்னால் வந்து, சொல்லாமல் கொள்ளாமல் நாற்காலியைச் சரேலென்று பின்பக்கம் சாய்ப்பார். விழப்போகிறவர் விழுந்துகொண்டே "மிக்க மகிழ்ச்சி" என்று சொல்ல வேண்டும். மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் வாய்தவறி "ஐயோ" என்றார். அவரை மரியாதையாக எழுப்பி, பின்வாசல் வழியாக வெளியே விட்டார்கள். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் 'விசாரணையில் உள்ளது' என்று பலகை மாட்டினார்கள். அந்த ஊழியரின் கக்கத்தில் இந்தப் பலகைகள் ஒரு கட்டு எப்போதும் தயாராக இருந்தன.

ஒருவழியாக ரோலர் கோஸ்டரில் ஏற்றினார்கள். முதல் பெட்டியின் முதல் இருக்கையைத் திருப்பிப் பொருத்தியிருந்தார்கள். அதில் பயனாளிகளைப் பார்த்தபடி, போகிற திசைக்கு முதுகைக் காட்டிப் பயணம் செய்கிறவர் ஒலிக் கண்காணிப்பாளர். கையில் சிவப்புக் கொடி. யார் வாய் திறக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் உத்தியோகம். மனிதரின் முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. ஃபிரிட்ஜ்காரர் அவருக்கு நேர் எதிரில் உட்கார்ந்தார்.

"உங்களுக்குப் பயமா இருக்காதா சார்?"

"என்ன வருதுன்னே தெரியாம நாள் முழுக்கப் பின்னால விழறேன். பயமில்லாம இருக்குமா?"

"கத்தணும்னு தோணாதா?"

"பென்ஷன் இருக்கு சார்" என்றார் கண்காணிப்பாளர்.

வண்டி கடகடவென்று மேலே ஏறியது. ஏறும்போதே ஃபிரிட்ஜ்காரர் முடிவு செய்துவிட்டார். மூடினால் மூடட்டும். கொடியைக் காட்டினால் காட்டட்டும். இத்தனை நாள் சேர்த்து வைத்ததை இன்றைக்கு இறக்கிவைக்காமல் போவதில்லை. உச்சியில் வண்டி நின்றது. மூச்சை அடிவயிறு வரைக்கும் இழுத்துக்கொண்டார். வண்டி விழுந்தது. வாயைத் திறந்தார்.

"உங்க சிரமம் புரியுது சார்" என்றது வாய். நிதானமாக, எழுத்து எழுத்தாக, ரெக்கார்டிங்கில் விழுகிற மாதிரி.

அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. இரண்டாவது இறக்கம் வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு மறுபடி முயற்சி செய்தார். "உங்க பொறுமைக்கு நன்றி" என்று வந்தது. மூன்றாவது இறக்கத்தில், இணைப்பைத் துண்டிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எதிரே தலைமயிர் பறக்கப் பின்பக்கமாக விழுந்துகொண்டிருந்த கண்காணிப்பாளரின் கண்ணில் தண்ணீர் நிரம்பியது.

"இத்தனை வருஷத்துல எங்கிட்ட யாரும் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்ல சார்" என்றார் அவர்.

பின்னிருக்கையில் மனைவி கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு வந்திருந்தாள். இறங்கினதும் அதை உருவிவிட்டுக் கேட்டாள். "கத்தினீங்களா?"

"இல்ல. ஆறுதல் சொன்னேன்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அழாத குறை. கத்துகிற வாயையும் கம்பெனிக்காரன் எடுத்துக்கொண்டுவிட்டான் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

வாரியத்துக்கோ தலைகால் புரியவில்லை. இறக்கத்தில் விழும்போது ஒரு பயனாளி ஊழியருக்கு நன்றி சொன்னது பூங்காவின் சரித்திரத்திலேயே கிடையாதாம். முன்மாதிரிப் பயனாளி என்று கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் கொடுப்பதற்காகத் துணை இயக்குநரின் அறைக்கே கூட்டிப்போனார்கள். மனைவியும் கூடப் போனாள். சான்றிதழையும் கொடியையும் பலகைக் கட்டையும் ஏந்திக்கொண்டு கண்காணிப்பாளர் பின்னால் வந்தார்.

அறையின் சுவரெல்லாம் தடித்த பஞ்சு மெத்தை அடித்திருந்தது. "வெளிச் சத்தம் உள்ள வராம இருக்க" என்றார் துணை இயக்குநர். மூலையில் ஒரு ஃபிரிட்ஜ், அடியில் ஒழுகுகிற தண்ணீரைப் பிடிக்க ஒரு தட்டு. ஃபிரிட்ஜ்காரர் அதைப் பார்த்தவுடனே அடையாளம் கண்டுகொண்டார். அவருடைய கம்பெனி ஃபிரிட்ஜ். கம்பெனியில் வேலை செய்கிற எவனும் தன் வீட்டுக்கு வாங்காத மாடல்.

"முதல்ல ஜில்லுனு தண்ணி குடிங்க" என்று துணை இயக்குநர் ஒரு பாட்டிலை எடுத்தார். பாட்டில் குளிக்கிற பதத்தில் இருந்தது. அவர் முகம் மாறியது. "ஒரு நிமிஷம்" என்று சொல்லி, கதவைச் சாத்திவிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு ஒரு நம்பரை அழுத்தினார். அந்த நம்பரை அவர் பார்க்காமலே அழுத்தினார்.

மறுமுனையில் எடுத்தது ஃபிரிட்ஜ்காரரின் பக்கத்து சீட்டுக்காரர்.

"டேய், நீங்கள்லாம் மனுஷங்களாடா?" என்று எடுத்த எடுப்பிலேயே உச்சத்துக்குப் போனார் துணை இயக்குநர். "இது ஃபிரிட்ஜாடா, அடுப்பாடா? எத்தனை தடவைடா சொல்றது?"

ஃபிரிட்ஜ்காரர் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார். இது ஐஸ் ஐயா. தினம் தவறாமல் கூப்பிட்டு, ஐஸ் உறையவில்லை என்று அலறுகிறவர். புகார்ப் பிரிவில் முறைவைத்துத்தான் இவரை எடுப்பார்கள். தொண்டையில் இருக்கிற உருண்டையில் பாதி இவர் போட்ட முதல்.

அலறலைக் கேட்கக் கேட்க ஃபிரிட்ஜ்காரருக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. எப்பேர்ப்பட்ட கத்தல். அடிவயிற்றில் பிறந்து, தடையே இல்லாமல் ஏறி, உச்சியில் நின்று விழுந்தது. இதற்காக அவர் லீவு போட்டு, பஸ் ஏறி, நாற்காலியோடு சாய்ந்து, தலைகுப்புற விழுந்து பார்த்தும் கிடைக்கவில்லை. இந்த ஆள் நாற்காலியில் உட்கார்ந்தபடி, மின்விசிறிக்கடியில், தினமும் அனுபவித்துக்கொண்டிருக்கிறார்.

"உங்க சிரமம் புரியுது சார்" என்றது ஸ்பீக்கர்.

அந்த வார்த்தையை முதல்முறையாக இந்தப் பக்கம் நின்று கேட்டார் ஃபிரிட்ஜ்காரர். சொல்கிறவனை ஹெட்போனோடு தூக்கி அடிக்கலாம் போலிருந்தது. ஐஸ் ஐயா பாவம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஒரே ஒரு கணம்தான்.

துணை இயக்குநர் போனை வைத்துவிட்டு, வியர்வையைத் துடைத்து, குரலில் பழையபடி தேனை ஊற்றிக்கொண்டு திரும்பினார். கண்காணிப்பாளர் சிவப்புக் கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"என்னய்யா அது?"

"அலறல் சார்."

"யாரு?"

"நீங்கதான் சார். வாயில வந்தாலும் புகார் புகார்தான்."

"யோவ், நான் ஃபிரிட்ஜுக்காகக் கத்தினேன்யா."

"எதுக்காகன்னு விசாரணையில சொல்லலாம் சார். கத்தின இடத்தை இப்ப மூடணும்." அவர் குரலில் கேலி இல்லை, கோபமும் இல்லை. வாய் திறந்தால் கொடி தூக்குவது என்பதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு எதையும் வாரியம் சொல்லிக்கொடுக்கவில்லை.

விதிவிலக்கு எனக்கும் இல்லை என்று மேடையில் சொன்ன வாயை மூடிக்கொண்டு, துணை இயக்குநர் எல்லோரையும் வெளியே விட்டுத் தானும் வெளியே வந்தார். கண்காணிப்பாளர் அறையைப் பூட்டிப் பலகையை மாட்டினார். "முட்டாப் பயலே, என் கார் சாவி உள்ள இருக்குடா" என்று துணை இயக்குநர் நடையில் நின்று அலறினார். நடையை மூடினார்கள். அலுவலக வாசலில் நின்று உன்னைத் தொலைத்துவிடுவேன் என்றார். அலுவலகத்தை மூடினார்கள். அறிமுகக் கூடத்தில் புகுந்து, அந்தச் சட்டத்தைப் போட்டதே நான்தான் என்று மேஜையைக் குத்தினார். கூடமும் போயிற்று. குதிரை ராட்டினத்துக் குழந்தைகளை ஒவ்வொன்றாக இறக்கி, குதிரைகளைத் துணி போட்டு மூடினார்கள். மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். பஸ் ஓட்டுகிற இத்தனை வருஷத்தில் இப்படி ஓர் அடங்காத பிள்ளையைத் தான் பார்த்ததில்லை என்றாள்.

ஃபிரிட்ஜ்காரருக்குத்தான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. துணை இயக்குநர் போகிற திக்கில் ரோலர் கோஸ்டர் இருந்தது. அதில் இன்னொரு தடவை ஏறினால் கத்தல் வந்தாலும் வரலாம் என்று அவருக்கு ஒரு நப்பாசை. ஓடிப்போய்க் குறுக்கே நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"சார், எங்க வேணாலும் கத்துங்க. இங்க மட்டும் வேண்டாம் சார். தயவுசெஞ்சு சார்."

"நீ யாருய்யா எனக்குச் சொல்ல?" என்று துணை இயக்குநர் ரோலர் கோஸ்டரின் நேர் கீழே நின்று அலறினார். கொடி உயர்ந்தது. இயக்குகிறவர் விசையை அணைத்துவிட்டு, இருக்கிறதிலேயே பெரிய பலகையாக எடுத்து மாட்டினார்.

கடைசியில் எல்லோரையும் வெளியேற்றி வாசல் கதவையும் பூட்டியாயிற்று. தெருவில் நின்றார்கள் துணை இயக்குநர், கண்காணிப்பாளர், ஃபிரிட்ஜ்காரர், அவர் மனைவி. கார் உள்ளே மாட்டிக்கொண்டதால் துணை இயக்குநரால் போகவும் முடியவில்லை. கண்ணாடிப் பெட்டியில் இருந்த கேடயத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். முகம் தெளிந்தது.

"ஒண்ணு கவனிச்சீங்களா?" என்றார் தேனான குரலில். "இப்ப உள்ள ஒரு ஆள்கூட இல்ல. வாரியம் இன்னிக்கு முழு வெற்றி அடைஞ்சிடுச்சு."

ஃபிரிட்ஜ்காரர் அவரைப் பார்த்தார். பூட்டுக்குப் பின்னால் அசையாமல் நின்ற அந்த உயரத்தைப் பார்த்தார். தொண்டையில் ஏதோ அசைந்தது. உங்க சிரமம் என்று தொடங்கப் போகிறது என்று அவரே நினைத்தார். வாயைத் திறந்தார்.

கத்தல் வந்தது. வார்த்தையே இல்லாத கத்தல். இரண்டு வருஷத்துக் கத்தல், முறைவைத்து எடுத்த அத்தனை போனுக்கும் சேர்த்து, துணை இயக்குநரின் முகத்துக்கு நேரே வந்தது. மரத்தில் இருந்த காக்கைகள் கிளம்பின. பூங்காச் சுவரில் பட்டு அது திரும்பி வந்தது. மூச்சு முடிகிற வரைக்கும் கத்திவிட்டு எச்சிலை முழுங்கிப் பார்த்தார். உருண்டை இல்லை. ஆனந்தமாக இருந்தது.

துணை இயக்குநரின் முகத்தில் ஈயாடவில்லை. "யோவ், கொடி எங்கய்யா?" என்றார்.

"கேட்டுக்கு வெளிய எனக்கு அதிகாரம் இல்ல சார். இது ரோடு" என்றார் கண்காணிப்பாளர். சொல்லிவிட்டுச் சிறிது யோசித்தார். கொடியைச் சுருட்டி, பலகைக் கட்டின் மேல் பத்திரமாக வைத்தார். ஃபிரிட்ஜ்காரரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "நானும் ஒண்ணு போட்டுக்கட்டுமா சார்?"

"கூச்சப்படாதீங்கண்ணே" என்றாள் மனைவி. "சார், நீங்க கொஞ்சம் ஆடாம நில்லுங்க. இவர் முடிச்சதும் நான் இருக்கேன்."

துணை இயக்குநரின் உதடு மட்டும் அசைந்தது. மிக்க மகிழ்ச்சி என்று சொல்வது போலிருந்தது. கண்காணிப்பாளர் அவருக்கு எதிரே போய் நின்று, வாழ்க்கையில் முதல்முறையாக முன்பக்கம் பார்த்தபடி வாயைத் திறந்தார்.

ஃபிரிட்ஜ்காரர் தன் மனைவிக்குப் பின்னால் மறுபடியும் போய் நின்றுகொண்டார். பெயர் தெரியாத பூங்காவில் இது ஒரு சௌகரியம். வரிசை சீக்கிரம் நகர்ந்துவிடும்.